கிட் லென்ஸுக்கு அடுத்து எதை வாங்குவது?

உங்கள் கேள்வியை நான் இப்படிப் புரிந்துகொள்கிறேன். நான்கு மாதங்களுக்கு முன்பு முதல் கேமரா வாங்கியிருக்கிறீர்கள். ஏபிஎஸ்-சி அளவு சென்சார், கூடவே வந்த 18-55 மி.மீ. லென்ஸ். வீட்டுக்குள் ஓடியாடும் இரண்டு குழந்தைகளைத்தான் அதிகம் எடுக்கிறீர்கள். எப்போதாவது பள்ளி மேடை நிகழ்ச்சி, ஜன்னலுக்கு வெளியே வந்து உட்காரும் பறவைகள். இப்போதைக்கு ஒரே ஒரு லென்ஸ் வாங்க முடியும். ஒரு நண்பர் 50 மி.மீ. எஃப்/1.8 என்கிறார், இன்னொருவர் 55-250 என்கிறார், மூன்றாமவர் 18-300 வாங்கிவிட்டால் வேறு எதுவும் தேவையில்லை என்கிறார். இதில் எது நல்ல லென்ஸ் என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் நடுவில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: ‘பாதிப் படங்கள் கலங்கலாக வருகின்றன.’ உங்கள் உண்மையான கேள்வி அதுதான் என்று நினைக்கிறேன். மூன்று லென்ஸும் நல்லவையே. உங்கள் கலங்கல் எதனால் வருகிறது என்று தெரிந்தால், அதைச் சரிசெய்வது எது என்று உறுதியாகவே சொல்லிவிடலாம்.

பதினெட்டு வருடங்களாகப் படம் எடுப்பதுதான் என் தொழில். கடைசி ஒன்பது வருடங்களாகப் புதிதாகக் கேமரா வாங்கியவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தும் வருகிறேன். லென்ஸ் பற்றிக் கேட்டு வருகிறவர்களிடம் நான் திருப்பிக் கேட்கும் முதல் கேள்வி, கெட்டுப்போன படங்களை அழித்துவிட்டார்களா, வைத்திருக்கிறார்களா என்பது. அழிக்காமல் இருந்தால் நல்லது. அடுத்த லென்ஸ் எது என்று அந்தப் படங்கள் சொல்லும் அளவுக்கு எந்த விமர்சனக் கட்டுரையும் சொல்லாது.

ஒரு மணி நேரம் ஒதுக்கி, கடைசியாக எடுத்த 300 படங்களைக் கணினியில் திறந்து, கெட்டவற்றை மட்டும் பாருங்கள். ஒவ்வொரு படத்தோடும் குவியத்தூரம் (லென்ஸில் மி.மீட்டரில் எழுதியிருக்கும் எண், கூடக் கூடத் தூரத்தில் இருப்பது பெரிதாகத் தெரியும்), அபர்ச்சர் (வெளிச்சம் நுழையும் திறப்பு, எஃப் எண்ணால் குறிப்பது), ஷட்டர் வேகம் (வெளிச்சம் விழும் நேரம்), ஐஎஸ்ஓ (வெளிச்சத்தைக் கேமரா எவ்வளவு கூட்டிக் காட்டுகிறது என்பது) நான்கும் பதிவாகியிருக்கும். சுவர், மேசை, குழந்தை எல்லாம் ஒரே திசையில் இழுபட்டிருந்தால் உங்கள் கை ஆடியிருக்கிறது. சுவர் தெளிவாக இருந்து குழந்தையின் கை மட்டும் கரைந்திருந்தால் ஷட்டர் வேகம் போதவில்லை. குழந்தை மங்கி, பின்னால் தொங்கும் திரைச்சீலை பளிச்சென்று இருந்தால் ஃபோக்கஸ் தவறியிருக்கிறது. இதற்கு லென்ஸ் வாங்க வேண்டியதே இல்லை, ஃபோக்கஸ் புள்ளியைக் கேமராவிடம் விடாமல் நீங்களே தேர்ந்தெடுக்கப் பழகினால் போதும். தெளிவு இருந்தும் மணல் தூவியது போலத் தெரிந்தால் வெளிச்சம் போதாமல் ஐஎஸ்ஓ ஏறியிருக்கிறது. பாதிக்கு மேல் வெட்டியெறிந்துவிட்டு நடுவில் இருக்கும் சின்ன உருவத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறீர்கள் என்றால் குவியத்தூரம் போதவில்லை. ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு கோடு போட்டுக்கொண்டே வாருங்கள். கடைசியில் எந்த வரிசை நீளமாக இருக்கிறது என்று எண்ணுங்கள்.

இதில் ஒரு ஏமாற்றம் உண்டு. குவியத்தூரத்தை மட்டும் எண்ணினால் பெரும்பாலான படங்கள் 18இலும் 55இலும் குவிந்திருக்கும். ஜூம் வளையம் அந்த இரண்டு முனைகளில்தான் நிற்கும், நாமும் ஒரேயடியாகத் திருப்பிவிடுகிறோம். 55இல் நிறையப் படங்கள் இருப்பதாலேயே டெலி லென்ஸ் (55-250 போலத் தூரத்தில் இருப்பதைப் பெரிதாகக் காட்டும் லென்ஸ்) வேண்டும் என்று முடிவு செய்யாதீர்கள். அந்த 55 படங்களில் எத்தனையைப் பிறகு வெட்டினீர்கள் என்று பாருங்கள். வெட்டாமலே நன்றாக இருந்தால் அந்தத் தூரம் உங்களுக்குப் போதும்.

நீங்கள் சொன்னதை வைத்துப் பார்த்தால், நீளமான வரிசை வீட்டுக்குள் கை கால் கரைந்த குழந்தைகளாகத்தான் இருக்கும். அதற்கான காரணத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இது புரிந்துவிட்டால் லென்ஸ் பெயரில் இருக்கும் எண்களில் பாதி புரிந்துவிடும். எஃப் எண் என்பது குவியத்தூரத்தை லென்ஸின் திறப்பு விட்டத்தால் வகுத்துக் கிடைப்பது. 50 மி.மீ. எஃப்/1.8 லென்ஸின் திறப்பு ஏறக்குறைய 28 மி.மீ. உங்கள் கிட் லென்ஸ் 55 மி.மீட்டரில் எஃப்/5.6 என்றால் திறப்பு 10 மி.மீட்டருக்கும் கொஞ்சம் குறைவு. எண் சின்னதானால் வெளிச்சம் கூடும், அதுவும் இருமடி விகிதத்தில். அதனால்தான் 1.4, 2, 2.8, 4, 5.6, 8 என்று அந்த விசித்திரமான வரிசை. ஒவ்வொரு படி இறங்கும்போதும் வெளிச்சம் இரட்டிப்பாகிறது.

இரவில் விளக்கு போட்ட ஓர் அறையை எடுத்துக்கொள்வோம். கிட் லென்ஸை 35 மி.மீட்டரில் வைத்தால் அதிகபட்சத் திறப்பு எஃப்/4.5 அளவில் இருக்கும். ஐஎஸ்ஓ 3200 வைத்தால் அப்படிப்பட்ட அறையில் ஷட்டர் வேகம் ஏறத்தாழ 1/50 நொடி கிடைக்கும். உட்கார்ந்து படம் வரைகிற குழந்தைக்கு அது போதும், குதிக்கிற குழந்தைக்குப் போதாது. அதே அறையில், அதே ஐஎஸ்ஓவில், எஃப்/1.8 லென்ஸ் ஆறு மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். 1/50 என்பது 1/300 ஆகிவிடும். ஓடுகிற குழந்தையை நிறுத்த 1/250 வேண்டும் என்று நான் சொல்லிக்கொடுப்பேன். கோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்தவர் இந்தப் பக்கம் வந்துவிடுகிறீர்கள். இது கணக்கு, இதில் கருத்து வேறுபாட்டுக்கு இடமில்லை. அறையின் வெளிச்சம் வீட்டுக்கு வீடு மாறும், ஆனால் ஆறு மடங்கு என்பது மாறாது.

‘கிட் லென்ஸிலேயே ஆட்டம் தடுக்கும் வசதி இருக்கிறதே’ என்று நீங்கள் கேட்கலாம். கேனான் ஐஎஸ் என்றும், நிக்கான் விஆர் என்றும், டாம்ரான் விசி என்றும், சிக்மா ஓஎஸ் என்றும் பெயருக்குள் எழுதுவது அதைத்தான். 1995இல் கேனான் 75-300 மி.மீ. லென்ஸ் மூலம் இந்த வசதி எஸ்எல்ஆர் கேமராக்களுக்கு வந்தது, வந்த நாளிலிருந்து அது செய்யும் வேலை ஒன்றுதான்: உங்கள் கை ஆட்டத்தை ஈடுகட்டும். எதிரில் இருப்பவரின் அசைவை அதனால் நிறுத்த முடியாது. இதை நான் மறக்க முடியாத விதத்தில் கற்றேன். தொழிலுக்கு வந்த இரண்டாம் வருடம், குழந்தைகளின் நடன நிகழ்ச்சி ஒன்றை எஃப்/5.6 டெலி ஜூமில் எடுத்தேன். ஆட்டத்தடுப்பை நம்பி 1/60இல் வைத்திருந்தேன். கேமராவின் சின்னத் திரையில் எல்லாம் நன்றாகத்தான் தெரிந்தது. வீட்டுக்கு வந்து பெரிதாக்கிப் பார்த்தால், மேடைத் திரையின் மடிப்புகள் கத்தி போலத் தெளிவாக இருந்தன, குழந்தைகளின் முகம் எல்லாம் கரைந்திருந்தது. ஆட்டம் முடிந்து வணங்கி நின்ற படங்கள் மட்டுமே தேறின. அந்தப் பெற்றோரிடம் படங்களைக் கொடுத்த நாள் இன்னும் நினைவில் இருக்கிறது.

ஆக, வீட்டுக்குள் உங்களுக்கு வேண்டியது அகலமான திறப்பு. அடுத்த கேள்வி, 50ஆ 35ஆ? எல்லோரும் 50 என்று சொல்வதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1925இல் வெளிவந்த முதல் லைக்கா கேமராவே 50 மி.மீ. லென்ஸோடு வந்தது. 36 × 24 மி.மீ. ஃபிலிமில் அந்தப் பார்வை மிக நெருக்கமாகவும் இல்லாமல், மிக விரிவாகவும் இல்லாமல் இருந்தது. புகழ்பெற்ற பிரெஞ்சுப் புகைப்படக்காரர் ஆன்றி கார்ட்டியே-ப்ரெஸ்ஸோன் தன் படங்களில் பெரும்பாலானவற்றை 50இல் எடுத்தவர். அதனால் அந்த எண் ஒரு மந்திரம் போல ஆகிவிட்டது. ஆனால் உங்கள் சென்சார் அந்த ஃபிலிமைவிடச் சின்னது. நிக்கான், சோனி, ஃபியூஜிஃபிலிம் ஏபிஎஸ்-சி கேமராக்களில் 1.5 மடங்கும், கேனானில் 1.6 மடங்கும் பார்வை குறுகும். 50 மி.மீ. லென்ஸ் உங்கள் கேமராவில் 75 அல்லது 80 போலக் காட்டும். அன்று 50 காட்டியதை உங்கள் கேமராவில் காட்டுவது 35. அப்புறம் இன்னொரு குழப்பம் பரவலாக இருக்கிறது: ஏபிஎஸ்-சிக்கென்றே செய்த லென்ஸில் எழுதியிருக்கும் எண்ணைப் பெருக்க வேண்டியதில்லை என்று. அது தவறு. எந்த லென்ஸானாலும் எழுதியிருப்பது உண்மையான குவியத்தூரம்தான், பெருக்கல் எல்லாவற்றுக்கும் பொது.

வீட்டுக்குள் இது பெரிய வித்தியாசம். கேமராவைக் கிடைமட்டமாகப் பிடித்து, ஒரு மீட்டர் உயரக் குழந்தையைத் தலைக்கு மேலும் காலுக்குக் கீழும் கொஞ்சம் இடம் விட்டு முழுதாக எடுக்க, 50 மி.மீட்டரில் நீங்கள் கிட்டத்தட்ட நான்கு மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். 35இல் இரண்டே முக்கால் மீட்டர் போதும். எத்தனை அறைகளில் நான்கு மீட்டர் பின்வாங்க முடியும்? முகத்தையும் தோளையும் மட்டும் எடுப்பது உங்களுக்குப் பிடிக்கும் என்றால் 50 அழகான லென்ஸ், மறுக்கவில்லை. ஆனால் குழந்தைகளை எடுப்பவர்களுக்கு அவர்கள் எதோடு விளையாடுகிறார்கள், யாரைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்பதும் வேண்டியிருக்கும். பத்து வருடம் கழித்து அந்தப் படத்தைப் பார்க்கும்போது முகத்தைவிட அந்த அறையைத்தான் கண் அதிக நேரம் தேடும்.

இதை என் பேச்சை நம்பி முடிவு செய்ய வேண்டாம். கையில் இருக்கும் 18-55 இரண்டையும் காட்டும். ஜூம் வளையத்தை 35இல் வைத்து ஒரு துண்டு டேப் ஒட்டிவிடுங்கள், ஒரு வாரம் அப்படியே எடுங்கள். அடுத்த வாரம் 50இல் ஒட்டுங்கள். படங்கள் கலங்கலாக வந்தாலும் பரவாயில்லை, சட்டகம் எது கைக்கு வருகிறது என்று மட்டும் கவனியுங்கள். என் மாணவர்களில் பலர் முதல் வாரத்திலேயே முடிவுக்கு வந்துவிடுவார்கள். ஒன்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்: சில கேமராக்களுக்கு 50 எஃப்/1.8 மலிவாகவும், 35 எஃப்/1.8 பல மடங்கு விலையாகவும் இருக்கும். அப்படியானால், சோதனை வாரத்தில் 50 உங்களை ரொம்பச் சிரமப்படுத்தவில்லை என்றால் 50ஐயே வாங்குங்கள்.

அகலமான திறப்புக்கு ஒரு விலை உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். 50 மி.மீட்டரில் எஃப்/1.8 வைத்து இரண்டு மீட்டர் தூரத்தில் ஃபோக்கஸ் செய்தால், தெளிவாக இருக்கும் பகுதியின் ஆழம் சுமார் 11 செ.மீ. ஒரு மீட்டருக்கு நெருங்கினால் மூன்று செ.மீட்டர்கூட இருக்காது. ஒரு கண் தெளிவாகவும் இன்னொரு கண் மங்கலாகவும் வரும். முதல் மாதம் நிறையப் படங்கள் இப்படிப் போகும், லென்ஸில் கோளாறு என்று நினைத்துவிடாதீர்கள். எஃப்/2.8 வைத்துப் பழக ஆரம்பியுங்கள். இரண்டு குழந்தைகள் முன்னும் பின்னுமாக நின்றால் எஃப்/4 வேண்டும், அப்போது நீங்கள் காசு கொடுத்து வாங்கிய வெளிச்சத்தில் பெரும்பகுதி போய்விடும். இதற்கு மாற்று வழி இல்லை, ஜன்னல் பக்கம் போய் எடுப்பதைத் தவிர.

சரி, மேடைக்கும் பறவைக்கும் வருவோம். மேடையிலிருந்து 12 மீட்டர் தள்ளி உட்கார்ந்திருக்கிறீர்கள் என்றால், 55 மி.மீட்டரில் சட்டகத்தின் உயரம் 3.4 மீட்டர். குழந்தை அதில் மூன்றில் ஒரு பங்கு. 250 மி.மீட்டரில் அதே இடத்திலிருந்து 75 செ.மீ. மட்டுமே தெரியும், அதாவது தலையும் நெஞ்சும். தூரத்தைப் பொறுத்தவரை 55-250 இந்த வேலைக்குச் சரியானது. வெளிச்சத்தைப் பொறுத்தவரை மேடை விளக்குகள் எவ்வளவு பிரகாசம் என்பதில் எல்லாம் அடங்கியிருக்கிறது. பெரிய அரங்கில் எஃப்/5.6 தாக்குப்பிடிக்கும், மங்கிய விளக்குகளில் நான் பட்ட பாட்டை நீங்களும் படுவீர்கள். முன்வரிசையில் இடம் கிடைக்குமானால் 85 மி.மீ. எஃப்/1.8 இன்னும் நல்லது. வருடத்தில் இரண்டு மூன்று நாள் வேலைக்காக வாங்குவதைவிட வாடகைக்கு எடுப்பதையே நான் சொல்வேன்.

பறவைகளில் என் அனுபவம் குறைவு. முழுநேரமாக அதைச் செய்பவர்கள் என்னைவிட நன்றாகச் சொல்வார்கள். ஆனாலும் கணக்கு பொய் சொல்லாது: 20 செ.மீ. நீளமுள்ள பறவை பத்து மீட்டர் தள்ளி உட்கார்ந்தால், 55இல் சட்டகத்தின் அகலத்தில் இருபதில் ஒரு பங்குகூட இருக்காது. 250இல் ஐந்தில் ஒரு பங்கு. 400இல் மூன்றில் ஒரு பங்கு. ஜன்னலிலிருந்து மூன்று மீட்டரில் வந்து உட்காரும் பறவைக்கு 250 தாராளம். மரத்தில் இருப்பதை எடுக்க ஆசை வந்தால் 250 வாங்கி ஒரு வருடத்தில் 400க்கோ 600க்கோ மாறுவீர்கள். இந்த ஆசை எவ்வளவு தூரம் போகும் என்று தெரியும்வரை பறவைக்காக லென்ஸ் வாங்க வேண்டாம்.

18-300 பற்றிக் கடுமையாகப் பேசுகிறவர்கள் அதிகம். நான் அப்படிப் பேச மாட்டேன். பயணத்தில் லென்ஸ் மாற்ற நேரமில்லாதவருக்கு, வெளியே பகல் வெளிச்சத்திலேயே எடுப்பவருக்கு, அது உண்மையிலேயே பயன்படும். உங்களுக்கு அது வேண்டாம் என்பதற்குக் காரணம் வேறு: நீண்ட முனையில் அதன் திறப்பு பெரும்பாலும் எஃப்/6.3, அதாவது உங்கள் குறை எதுவோ அதை அது இன்னும் கூட்டும்.

இதுவரை சொன்னவற்றில் பெரும்பகுதி அளந்து பார்க்கக்கூடியது. இனிச் சொல்பவை அப்படியல்ல. பிரைம் லென்ஸ், அதாவது 35, 50 போல ஒரே குவியத்தூரம் உள்ள லென்ஸ், உங்களை நல்ல புகைப்படக்காரராக ஆக்கும் என்பார்கள். ஜூம் இல்லாததால் காலால் நடந்து கோணம் தேடப் பழகுகிறோம் என்பது என் அனுபவத்திலும் உண்மை, ஆனால் ஜூமிலேயே வளர்ந்து என்னைவிட நன்றாக எடுப்பவர்களையும் பார்த்திருக்கிறேன். டெலி லென்ஸ் முகத்தை அழகாக்கும் என்பதும் பாதிதான் சரி. முகத்தின் வடிவை மாற்றுவது தூரம். 30 செ.மீ. தள்ளி எடுத்தால் காதைவிட மூக்கு பன்னிரண்டு செ.மீ. அருகில் இருக்கிறது, அதனால் 1.4 மடங்கு பெரிதாகத் தெரியும். ஒன்றரை மீட்டர் தள்ளிப் போனால் அந்த வித்தியாசம் எட்டு சதவீதம்தான். நீண்ட லென்ஸ் உங்களைத் தள்ளி நிற்க வைக்கிறது, அவ்வளவே. ‘நாளைக்கு ஃபுல் ஃபிரேம் (அந்தப் பழைய ஃபிலிம் அளவு சென்சார்) போகும்போது உதவும்’ என்று இப்போதே பெரிய விலையில் லென்ஸ் வாங்கச் சொல்வார்கள். அந்த நாள் வராமலே போனவர்களைத்தான் நான் அதிகம் சந்தித்திருக்கிறேன். ஷார்ப்னஸ் பற்றிய சண்டைகளுக்குள் போகவே வேண்டாம்: பகலில் எஃப்/8இல் உங்கள் கிட் லென்ஸ் எடுத்த படத்தையும் விலையுயர்ந்த லென்ஸ் எடுத்த படத்தையும் சாதாரண அளவில் அச்சடித்து வைத்தால் பிரித்துச் சொல்வது கடினம். எஃப்/16க்கு மேல் மூடினால் மட்டும் விளிம்பு விளைவால் (சின்னத் திறப்பின் ஓரத்தில் ஒளி வளைந்து பரவுவதால்) எந்த லென்ஸும் மென்மையாகிவிடும்.

வாங்கும் முன் மௌன்ட்டைச் (லென்ஸ் கேமராவில் பொருந்தும் வளையத்தை) சரிபாருங்கள். ஒரே நிறுவனம் என்பதால் பொருந்திவிடாது. 2018இல் கேனான் ஆர்எஃப், நிக்கான் இசட் என்று இரண்டும் புதிய மௌன்ட்டுக்கு மாறின. கேனானின் பழைய இஎஃப் லென்ஸ்களை அடாப்டர் வைத்து ஆர்எஃப் கேமராவில் போடலாம், ஏனென்றால் பழையதில் மௌன்ட்டுக்கும் சென்சாருக்கும் இடையே 44 மி.மீ. இடைவெளி, புதியதில் 20 மி.மீ., நடுவில் அடாப்டருக்கு இடமிருக்கிறது. புதிய லென்ஸைப் பழைய டிஎஸ்எல்ஆரில் போட அந்த இடமே இல்லை. நிக்கானில் இன்னொரு கண்ணி: டி3000, டி5000 வரிசைக் கேமராக்களுக்குள் ஃபோக்கஸ் மோட்டார் கிடையாது. தனக்குள்ளும் மோட்டார் இல்லாத பழைய ஏஎஃப்-டி லென்ஸ் அதில் பொருந்தும், படமும் எடுக்கும், ஆனால் கையால்தான் ஃபோக்கஸ் செய்ய வேண்டும். ஓடுகிற குழந்தையிடம் அது நடக்காது. லென்ஸின் முன்புறத்தில் குறுக்குக் கோடு போட்ட வட்டத்துக்குப் பக்கத்தில் 58 என்றோ 49 என்றோ இருப்பது ஃபில்டர் அளவு, குவியத்தூரம் அல்ல. இதைக் குழப்பிக்கொண்டு வாங்கியவர்களும் உண்டு.

பயன்படுத்திய லென்ஸ் வாங்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். தாராளமாக, நேரில் பார்க்க முடிந்தால். ஒரு பக்கம் டார்ச் அடித்து மறுபக்கம் சாய்வாகப் பாருங்கள். சிலந்திவலை போல இழைகள் தெரிந்தால் அது பூஞ்சை, வேண்டாம். பால் கலந்தது போல ஒரு புகை தெரிந்தாலும் வேண்டாம். நான்கைந்து தூசித் துகள்கள் இருந்தால் படத்தில் எதுவும் தெரியாது, அதற்காக நல்ல லென்ஸை விடாதீர்கள். அபர்ச்சர் இதழ்களில் எண்ணெய் மினுங்குகிறதா என்று பாருங்கள்.

புதியதோ பழையதோ, கையில் வந்ததும் திருப்பிக் கொடுக்கும் அவகாசத்துக்குள் ஒரு சோதனை செய்துவிடுங்கள். செங்கல் சுவரோ, செய்தித்தாள் ஒட்டிய சுவரோ போதும். கேமராவை ஸ்டாண்டில் நிறுத்தி, சுவருக்கு நேராக இருக்கிறதா என்று உறுதி செய்துகொண்டு, எஃப்/1.8, எஃப்/2.8, எஃப்/5.6 மூன்றிலும் ஒவ்வொரு படம். மூலைகள் நடுப்பகுதியைவிட மென்மையாக இருப்பது இயல்பு. ஆனால் இடது மூலை தெளிவாகவும் வலது மூலை குழைந்தும் இருந்தால், கேமராவை மறுபடி நேராக்கி இன்னொரு முறை எடுங்கள். அப்போதும் அப்படியே வந்தால் உள்ளே ஒரு கண்ணாடி மையம் விலகி உட்கார்ந்திருக்கிறது. அந்த லென்ஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வேறொன்று கேட்டு வாங்குங்கள்.